யூதராகாமலே கிறிஸ்தவராக முடிந்தது எப்படி?

மத்தேயு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், இயேசு தம் பன்னிரண்டு சீடர்களை ஊர் ஊராக அனுப்புகிறார். யூதரல்லாதவர்கள் இருக்கும் பக்கம் போக வேண்டாம், சமாரியர் ஊர்களுக்குள் நுழைய வேண்டாம், இஸ்ரவேல் வீட்டாரிடமே போங்கள் என்கிறார். அதே நூலின் கடைசி அதிகாரத்தில், சகல இனத்தாரையும் சீடராக்கி ஞானஸ்நானம் கொடுங்கள் என்று கட்டளையிடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் குழம்புவது இயல்புதான்.

குழப்பம் அதோடு முடிவதில்லை. கடைசிக் கட்டளை அவ்வளவு தெளிவாக இருந்தது என்றால், இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுரு ஒரு ரோமப் படை அதிகாரியின் வீட்டுக்குள் போனதற்கு எருசலேமில் ஏன் விளக்கம் கேட்டார்கள்? சில ஆண்டுகள் கழித்து இதே விஷயத்துக்காகத் தலைவர்கள் எல்லோரும் கூடி ஏன் வாதாட வேண்டியிருந்தது?

யூதரல்லாதவர் சேரலாமா கூடாதா என்று அன்று யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. சேரலாம் என்பதில் இரு தரப்புக்கும் சம்மதம். சேருகிறவர் முதலில் யூதராக வேண்டுமா, அல்லது கிரேக்கராக, சிரியராக, ரோமராக இருந்தபடியே சேரலாமா என்பதில்தான் பிளவு வந்தது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் புதிய ஏற்பாட்டின் பாதி வாக்குவாதங்கள் புரிந்துவிடும்.

## முதலில் சில சொற்கள்

1. உடன்படிக்கை. கடவுள் ஆபிரகாமோடும், பிறகு மோசே வழியாக இஸ்ரவேல் மக்களோடும் செய்துகொண்ட ஒப்பந்தம். மீட்பு என்ற பேச்சே இதற்குள்தான் வருகிறது.

2. விருத்தசேதனம். ஆண்குறியின் நுனித்தோலை அகற்றும் சடங்கு. ஆதியாகமம் 17ஆம் அதிகாரம் இதை உடன்படிக்கையின் அடையாளம் என்கிறது. பிறந்த எட்டாம் நாளில் செய்ய வேண்டும். செய்யாதவன் மக்களிடமிருந்து விலக்கப்பட வேண்டும் என்றும் அங்கே எழுதியிருக்கிறது.

3. யூதமார்க்கத்தமைந்தவர். வேறு இனத்தில் பிறந்து, விருத்தசேதனம் உட்பட எல்லாவற்றையும் ஏற்று முழுமையாக யூத சமூகத்தில் சேர்ந்துவிட்டவர்.

4. தேவபயமுள்ளவர். இஸ்ரவேலின் கடவுளை வணங்கி, யூதரின் வழிபாட்டுக்கூடமான ஜெபாலயத்துக்கு வந்து, தானதர்மம் செய்து, ஆனால் விருத்தசேதனம் வரை போகாத யூதரல்லாதவர். இந்தக் கதையில் மிக முக்கியமானவர்கள் இவர்கள்தான்.

5. ஞானஸ்நானம். கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பது. தண்ணீரில் மூழ்கித் தூய்மை பெறும் வழக்கம் யூதரிடம் முன்பே இருந்தது. ஆனால் அது திரும்பத் திரும்பச் செய்வது. யோர்தான் ஆற்றில் யோவான் கொடுத்த ஞானஸ்நானம் மனந்திரும்புதலின் அடையாளமாக அமைந்தது. இயேசுவின் சீடர்கள் அதை அவருடைய பெயரால், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நடக்கும் நுழைவுச் சடங்காக்கினார்கள்.

## யூத சமயம் மூடிய வீடாக இருக்கவில்லை

யூத சமயம் பிறரை வெளியே நிறுத்தியது, கிறிஸ்தவம் எல்லோரையும் உள்ளே அழைத்தது என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். இது தவறு. தவறு என்பதோடு, யூதருக்கு அநீதியும்கூட.

ஆபிரகாம் வழியாகப் பூமியின் எல்லா வம்சங்களும் ஆசீர்வாதம் பெறும் என்று ஆதியாகமம் 12 சொல்கிறது. இஸ்ரவேல் பிற இனங்களுக்கு ஒளியாகும் என்கிறது ஏசாயா 49. விருத்தசேதனம் இல்லாமலே யூதக் கடவுளை வணங்கியவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். இன்றைய துருக்கியில் இருக்கும் அப்ரோதீசியாஸ் என்ற பழைய நகரத்தில் 1976இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. அப்போஸ்தலர் காலத்துக்குப் பிற்பட்டது அது. யூதர்களின் பெயர்களோடு ஐம்பதுக்கும் மேற்பட்ட தேவபயமுள்ளவர்களின் பெயர்களும் தனியாக அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நகர மன்ற உறுப்பினர்கள்கூட அந்தப் பட்டியலில் உண்டு.

அதைவிட நேரடியான சான்று ஒன்றை முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதிவைத்திருக்கிறார். வட மெசொப்பொத்தாமியாவில் அதியாபேனே என்றொரு சிற்றரசு இருந்தது. அதன் அரசன் இசாத்தெஸ், அவன் தாய் எலேனா இருவரும் யூத நெறியின்பால் ஈர்க்கப்பட்டார்கள். விருத்தசேதனம் செய்துகொள்ள இசாத்தெஸ் விரும்பியபோது, அவனுக்கு நெறியைக் கற்பித்த அனனியா என்ற யூத வணிகர் தடுத்தார். குடிமக்கள் கலகம் செய்வார்கள். விருத்தசேதனம் இல்லாமலும் நீ கடவுளை வணங்கலாம் என்றார். பின்னர் கலிலேயாவிலிருந்து எலெயாசர் என்பவர் வந்தார். அரசன் மோசேயின் சட்டத்தைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, படித்தால் போதுமா, அதில் சொன்னதைச் செய்ய வேண்டாமா என்று கடிந்துகொண்டார். அரசன் உடனே விருத்தசேதனம் செய்துகொண்டான்.

யூதரல்லாதவரிடம் இயேசுவின் செய்தியைக் கொண்டுபோன பவுலும் அவரை எதிர்த்தவர்களும் பின்னால் எதைப் பற்றி மோதினார்களோ, கிட்டத்தட்ட அதே கேள்வி. அதே தலைமுறையில், இயேசுவைப் பற்றிய பேச்சே இல்லாத இடத்தில், யூத ஆசிரியர்களுக்கு இடையிலேயே எழுந்திருக்கிறது. ஆக, விருத்தசேதனம் இல்லாமல் ஒருவரை எவ்வளவு தூரம் உள்ளே விடலாம் என்பது யூத சமயத்துக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த விவாதம். முதல் கிறிஸ்தவர்கள் அதில் ஒரு தரப்பை எடுத்து, யாரும் எதிர்பார்க்காத எல்லை வரை கொண்டுபோனார்கள்.

சரி, விருத்தசேதனத்தை ஏன் அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்? அதன் பின்னால் இரத்தம் சிந்திய வரலாறு இருக்கிறது. கி.மு. 167 வாக்கில் நான்காம் அந்தியோக்கஸ் என்ற செலூக்கிய அரசன் விருத்தசேதனத்தைத் தடைசெய்தான். பிள்ளைகளுக்கு அதைச் செய்த தாய்மார்கள் கொல்லப்பட்டார்கள். பன்றி இறைச்சியைத் தின்ன மறுத்தவர்கள் சித்திரவதைப்பட்டுச் செத்தார்கள். மக்கபேயர் நூல்கள் இதையெல்லாம் விவரமாகச் சொல்கின்றன. முன்னோர் உயிரைக் கொடுத்துக் காத்த அடையாளத்தை, இருநூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் வந்து "இது தேவையில்லை" என்றால் கேட்பவருக்கு எப்படி இருக்கும்? பவுலை எதிர்த்தவர்களைக் குறுகிய மனக்காரர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். அவர்கள் நின்ற இடம் அவ்வளவு லேசானது அல்ல.

எல்லைக்கோடு கல்லிலேயே எழுதப்பட்டிருந்தது. எருசலேம் ஆலயத்தின் வெளிப்பிராகாரம் வரை யாரும் வரலாம். அதற்கு அப்பால் ஒரு தடுப்புச்சுவர். பிற இனத்தார் இதைத் தாண்டக்கூடாது, தாண்டிப் பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அந்தக் கல்லை 1871இல் கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டெடுத்தார். இப்போது அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

## திட்டம் எதுவும் இல்லாமல் தொடங்கியது

முதல் கிறிஸ்தவர்களின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற புதிய ஏற்பாட்டு நூலை வரிசையாகப் படித்தால் ஒன்று தெரியும். யூதரல்லாதவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுத்துவிட்டுத் தொடங்கவில்லை. நடந்துவிட்டது, அப்புறம்தான் யோசித்தார்கள்.

முதலில் சமாரியர். அவர்களுக்கும் யூதர்களுக்கும் நெடுநாள் பகை. பிலிப்பு அங்கே போய்ப் பிரசங்கித்து ஞானஸ்நானம் கொடுத்தார். அடுத்து, எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வழியில், எத்தியோப்பிய அரசியின் கருவூல அதிகாரி ஒருவருக்கு அதே பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த அதிகாரி ஓர் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர். விதை நசுக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது என்கிறது உபாகமம் 23. அண்ணகர்களுக்கும் என் வீட்டில் இடம் உண்டு என்கிறது ஏசாயா 56. அவர் தேரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததும் ஏசாயாவின் சுருள்தான், 53ஆம் அதிகாரப் பகுதி. வழியில் தண்ணீரைப் பார்த்ததும், நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்டார். தடை என்று பட்டியலிட நிறையவே இருந்தது. பிலிப்பு எதையும் சொல்லவில்லை.

### கொர்நேலியு வீட்டில் நடந்தது

இவற்றைவிட அதிகமாக எருசலேமை உலுக்கியது செசரியாவில் நடந்த நிகழ்ச்சி. நடபடிகள் நூல் அதை 10, 11, 15 ஆகிய மூன்று அதிகாரங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆசிரியருக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே போதும்.

செசரியா ஏரோது கட்டிய துறைமுக நகரம், ரோம ஆளுநரின் இருப்பிடம். கொர்நேலியு அங்கே இத்தாலியப் பட்டாளத்தில் நூற்றுக்கு அதிபதி. தேவபயமுள்ளவர், ஜெபிக்கிறவர், ஏழைகளுக்குக் கொடுக்கிறவர். விருத்தசேதனம் மட்டும் இல்லை.

பேதுரு அப்போது கடற்கரையில் தெற்கே யோப்பாவில், தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில் தங்கியிருந்தார். மத்தியானம் மாடியில் ஜெபிக்கும்போது அவருக்கு ஒரு தரிசனம். வானத்திலிருந்து பெரிய துணி ஒன்று இறங்குகிறது. அதில் எல்லா வகை விலங்குகளும் இருக்கின்றன. அடித்துச் சாப்பிடு என்கிறது ஒரு குரல். தீட்டானதை நான் ஒருநாளும் தின்றதில்லை என்கிறார் பேதுரு. கடவுள் சுத்தமாக்கியதை நீ தீட்டு என்று சொல்லாதே என்று பதில் வருகிறது. மூன்று முறை இப்படி. (பழைய ஏற்பாட்டில் யோனா, நினிவே மக்களிடம் போகச் சொன்ன கடவுளிடமிருந்து தப்பியோடக் கப்பல் ஏறியதும் இதே யோப்பாவில்தான்.)

தரிசனம் சாப்பாட்டைப் பற்றியது. பேதுரு அதை மனிதர்களைப் பற்றியதாகப் புரிந்துகொள்கிறார். எந்த மனிதரையும் தீட்டு என்று சொல்லக்கூடாதென்று கடவுள் எனக்குக் காட்டினார் என்று கொர்நேலியுவின் வீட்டில் சொல்கிறார். உணவு விதியும் மனித உறவும் பின்னிக் கிடந்த சமூகத்தில் இரண்டும் ஒரே கேள்விதான்.

அவர் பேசி முடிப்பதற்குள் தூய ஆவி அங்கே இருந்தவர்கள்மேல் இறங்குகிறது. அவர்கள் பல மொழிகளில் பேசிக் கடவுளைப் புகழ்கிறார்கள். இதில் வரிசையைக் கவனிக்க வேண்டும். சீடர்கள்மேல் ஆவி முதலில் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்ன வரிசை: மனந்திரும்புங்கள், ஞானஸ்நானம் பெறுங்கள், ஆவியைப் பெறுவீர்கள். சமாரியாவிலும் ஞானஸ்நானம் முன்னால், ஆவி பின்னால். செசரியாவில் மட்டும் தலைகீழ். ஆவி முதலில் வந்துவிட்டது, தண்ணீர் பிறகுதான்.

பேதுருவின் வாதம் முழுவதும் இந்தத் தலைகீழ் வரிசையில்தான் நிற்கிறது. நமக்குக் கிடைத்த அதே ஆவி இவர்களுக்கும் கிடைத்திருக்கும்போது, தண்ணீரை மட்டும் யார் தடுக்க முடியும் என்று கேட்கிறார். யூதரல்லாதவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற முடிவை அவர் எடுக்கவில்லை. கடவுள் எடுத்துவிட்ட முடிவுக்குக் குறுக்கே நிற்காமல் விலகிக்கொண்டார். எருசலேமில் விளக்கம் கொடுக்கும்போதும் அவர் வைத்த வாதம் இதுதான்: கடவுளைத் தடுக்க நான் யார்?

எருசலேமில் அவர்மேல் வந்த குற்றச்சாட்டையும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். "ஏன் ஞானஸ்நானம் கொடுத்தாய்" என்று யாரும் கேட்கவில்லை. விருத்தசேதனம் இல்லாதவர்களின் வீட்டுக்குள் போய் அவர்களோடு சாப்பிட்டாயே என்றுதான் கேட்டார்கள். சாப்பாடு மறுபடியும் தலைதூக்கும்.

### பெயர் தெரியாதவர்களின் அந்தியோகியா

முதல் கிறிஸ்தவ இரத்தசாட்சியான ஸ்தேவான் கொல்லப்பட்ட பின் எருசலேமிலிருந்து சிதறி ஓடியவர்களில், சீப்புரு தீவையும் சிரேனே நகரையும் சேர்ந்த சிலர் சிரியாவின் அந்தியோகியாவுக்குப் போனார்கள். அங்கே கிரேக்கர்களிடமும் நேரடியாகப் பேசினார்கள். அவர்கள் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. கிறிஸ்தவ வரலாற்றின் மிகப் பெரிய திருப்பங்களில் ஒன்றைச் செய்தவர்கள் அப்போஸ்தலர்கள் அல்லாத இந்த அகதிகள் என்பதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். எருசலேம் விசாரிக்க ஆள் அனுப்பியது. வந்த பர்னபா பார்த்து மகிழ்ந்து, தர்சுவுக்குப் போய்ப் பவுலைக் கூட்டிவந்தார். சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வந்ததும் இந்த ஊரில்தான்.

## எருசலேம் கூட்டம்

தனித்தனி நிகழ்ச்சிகளாக இருந்தவரை விதிவிலக்கு என்று விட்டுவிடலாம். பவுலும் பர்னபாவும் சீப்புருவிலும் சின்ன ஆசியாவிலும் சுற்றி, ஊர் ஊராக யூதரல்லாதவர்களைச் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது, விதிவிலக்கே வழக்கமாகிவிடும் போலிருந்தது. யூதேயாவிலிருந்து சிலர் அந்தியோகியாவுக்கு வந்து, மோசேயின் முறைப்படி விருத்தசேதனம் இல்லாவிட்டால் மீட்பு இல்லை என்று போதித்தார்கள். விஷயம் எருசலேமுக்குப் போனது.

காலம் பற்றி ஒரு வார்த்தை. டெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டிலிருந்து, கல்லியோ என்ற ரோம ஆளுநர் கிரேக்கத்தில் கி.பி. 51–52 வாக்கில் பதவியில் இருந்தது தெரிகிறது. பவுல் கொரிந்துவில் அவர்முன் நிறுத்தப்பட்டார். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப்போட்டு, எருசலேம் கூட்டத்தை 48 அல்லது 49 வாக்கில் வைக்கிறார்கள். அதாவது இயேசு சிலுவையில் அறையப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

கூட்டத்தில் பேதுரு, யூதர்களாலேயே சுமக்க முடியாத நுகத்தைப் பிறர்மேல் ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டார். பவுலும் பர்னபாவும் நடந்ததை எடுத்துச் சொன்னார்கள். முடிவைச் சொன்னவர் இயேசுவின் சகோதரர் யாக்கோபு. மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தவர் என்று பெயர் பெற்றவர் அவர். அவர் வாயிலிருந்து வந்ததால்தான் அந்த முடிவுக்கு எடை கூடியது. ஆமோஸ் தீர்க்கதரிசியை மேற்கோள் காட்டி, தாவீதின் விழுந்துபோன கூடாரம் எழுப்பப்படும்போது பிற இனத்தாரும் கடவுளைத் தேடுவார்கள் என்றார். அவர்கள் பிற இனத்தாராகவே வருவார்கள் என்பதுதான் அங்கே நுட்பம்.

விருத்தசேதனம் தேவையில்லை என்று தீர்ப்பானது. நான்கு விலக்குகள் மட்டும்:

1. விக்கிரகங்களுக்குப் படைத்தவை
2. இரத்தம்
3. கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்த விலங்கின் இறைச்சி
4. பாலியல் ஒழுக்கக்கேடு

பட்டியல் முதல் பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றும். கொலை இல்லை, திருட்டு இல்லை. லேவியராகமம் 17, 18 அதிகாரங்களைப் புரட்டினால் இது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். வேறு தெய்வங்களுக்குப் பலியிடாமை, இரத்தம் உண்ணாமை, விலக்கப்பட்ட உடலுறவுகள் என்று இஸ்ரவேலர் நடுவே தங்கியிருக்கும் அந்நியருக்கும் பொருந்தும் விதிகள் அங்கே இருக்கின்றன. யாக்கோபின் யோசனை இந்த வழியில்தான் போயிருக்க வேண்டும்: இவர்கள் யூதராக மாற வேண்டாம், ஆனால் யூதரோடு சேர்ந்து வாழப்போகிறவர்கள், அதனால் சேர்ந்து வாழத் தேவையான அளவை மட்டும் கடைப்பிடிக்கட்டும்.

## தண்ணீரில் தீராதது பந்தியில் வெடித்தது

இங்கேயே கதை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. பவுலின் கலாத்தியர் கடிதம் அதற்குச் சாட்சி. நடபடிகள் நூல் பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கலாத்தியர் கடிதமோ சண்டையின் சூட்டிலேயே எழுதப்பட்டது.

எருசலேமின் தூண்களாக எண்ணப்பட்ட யாக்கோபு, பேதுரு, யோவான் மூவரும் தமக்கும் பர்னபாவுக்கும் வலதுகை கொடுத்து ஒப்புக்கொண்டார்கள் என்று பவுல் எழுதுகிறார். தம்மோடு போன கிரேக்கரான தீத்துவை விருத்தசேதனத்துக்குக் கட்டாயப்படுத்தவில்லை. ஏழைகளை மறக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். நான்கு விலக்குகளைப் பற்றி அவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

அப்புறம் பேதுரு அந்தியோகியாவுக்கு வந்தார். முதலில் யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்து சேர்ந்ததும் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் எழுந்து போனார்கள். பர்னபாவும் போய்விட்டார் என்று எழுதும் இடத்தில் பவுலின் வேதனை தெரிகிறது. எல்லோருக்கும் முன்னால் பேதுருவின் முகத்துக்கு நேரே அவர் எதிர்த்தார்: யூதனாகிய நீயே யூதரல்லாதவரைப் போல வாழும்போது, அவர்களை யூதரைப் போல வாழச் சொல்லி எப்படிக் கட்டாயப்படுத்துவாய்?

பேதுரு யாரையும் வாயால் கட்டாயப்படுத்தவில்லை. பந்தியிலிருந்து எழுந்தார், அவ்வளவுதான். பவுல் அதையே கட்டாயம் என்கிறார். அவர் சொன்னது சரி. அன்றைய சபையில் ஆண்டவரின் பந்தி உண்மையான சாப்பாட்டோடு சேர்ந்து நடந்தது. இரண்டு பந்தி என்றால் இரண்டு சபை. ஞானஸ்நானம் பெற்றும் கூடச் சாப்பிட ஆளில்லை என்றால், யூதரல்லாதவருக்கு இருக்கும் ஒரே வழி விருத்தசேதனம்தான். பந்தியில் விலக்கிவைப்பது எதைச் சொல்லாமல் சொல்லும் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

பேதுருவுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். விருத்தசேதனம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், யூதக் கிறிஸ்தவர்கள் தங்கள் உணவு விதிகளை விட்டுவிட வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. இரு தரப்பும் ஒரே இலையில் உட்காரும்போது யார் யாருக்காக விட்டுக்கொடுப்பது என்பது எருசலேமில் தெளிவாகப் பேசி முடிக்கப்படாத இடம். அந்த இடுக்கில் பேதுரு மாட்டிக்கொண்டார். தாம் வென்றதாகப் பவுலும் எழுதவில்லை.

## பவுலின் வாதம்: ஆபிரகாமின் வயது

எதிர்த்தரப்புக்கு வேதத்தில் பலமான பிடி இருந்தது. ஆதியாகமம் 17 விருத்தசேதனத்தை என்றென்றைக்குமான உடன்படிக்கை என்கிறது. அதற்குப் பவுல் அதே ஆபிரகாமைக் கொண்டே பதில் சொன்னார். கலாத்தியர், ரோமர் கடிதங்களில் அந்த வாதம் இப்படிப் போகிறது:

1. ஆபிரகாம் கடவுளை நம்பினான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15இல் வருகிறது.

2. விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அப்போது ஆபிரகாமுக்கு வயது 99. இடையில் 16ஆம் அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கும்போது வயது 86. ஆக, பதின்மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் அவன் விருத்தசேதனம் இல்லாமலே கடவுளுக்கு ஏற்றவனாக இருந்திருக்கிறான். ரோமர் 4இல் பவுல் வயதுக் கணக்குப் போடவில்லை. எது முன், எது பின் என்று மட்டும் கேட்கிறார்.

3. மோசேயின் சட்டம் இன்னும் பின்னால், 430 ஆண்டுகள் கழித்து வந்தது. பின்னால் வந்தது முன்னால் கொடுத்த வாக்குறுதியை ரத்துசெய்ய முடியாது.

4. அப்படியானால் ஆபிரகாமின் வாரிசு யார்? கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் எல்லோரும். அங்கே யூதன் கிரேக்கன், அடிமை சுதந்தரன், ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை.

கடைசி வரியில் ஆண், பெண் என்று வருவது தற்செயலாக இருக்காது. விருத்தசேதனம் ஆணுக்கு மட்டுமே உரிய அடையாளம். ஞானஸ்நானத்தில் லீதியாள் என்ற பெண்ணுக்கு நடந்ததும் பிலிப்பி சிறைக்காவலனுக்கு நடந்ததும் ஒரே சடங்கு. நுழைவாசல் மாறியதில் பெண்களுக்குக் கிடைத்த இந்த இடத்தைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

யூதர்கள் யூதராக வாழ்வதை விட்டுவிட வேண்டும் என்று பவுல் போதித்தார் என்பதும் தவறான புரிதல்தான். அழைக்கப்பட்டபோது விருத்தசேதனம் உள்ளவனாக இருந்தவன் அதை மறைக்கத் தேட வேண்டாம், இல்லாதவன் அதைப் பெறத் தேட வேண்டாம் என்று கொரிந்தியருக்கு எழுதினார். யூதத் தாய்க்குப் பிறந்த தீமோத்தேயுவுக்கு அவரே விருத்தசேதனம் செய்வித்ததாக நடபடிகள் சொல்கிறது. கிரேக்கரான தீத்துவின் விஷயத்தில் ஒரு நிமிடமும் இணங்கவில்லை. அவரவர் இருந்தபடியே வரலாம் என்ற ஒரே கொள்கையிலிருந்து இரண்டும் வருகின்றன.

## உள்ளே வந்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள்

விருத்தசேதனம் இல்லை என்றதும் நுழைவு மலிவாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வீட்டுத் தெய்வங்களையும் நகரத் திருவிழாக்களையும் படையல் விருந்துகளையும் விட வேண்டும். ஊரோடு ஒத்து வாழ்வதே பக்தி என்றிருந்த நகரங்களில் இது உறவுகளை அறுத்துக்கொள்வதற்குச் சமம்.

ஞானஸ்நானத்துக்கு முன் பயிற்சியும் கூடிக்கொண்டே போனது. கொர்நேலியு வீட்டில் அதே நாளில் முடிந்துவிட்டது. முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் திதாகே என்ற கையேடு, ஞானஸ்நானம் பெறுபவர் ஓரிரு நாள் முன்பே நோன்பிருக்கச் சொல்கிறது. ஓடும் தண்ணீர் சிறந்தது, இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும் என்கிறது. ஹிப்பொலித்துவின் பெயரால் வழங்கும் அப்போஸ்தலிக்க மரபு என்ற நூலில் பயிற்சிக்காலம் மூன்று ஆண்டுகள். சிரியாவின் தூரா-யூரோப்போஸில், மூன்றாம் நூற்றாண்டில் ஒரு சாதாரண வீட்டைத் திருத்தி அமைத்த ஞானஸ்நான அறை, சுவர் ஓவியங்களோடு கிடைத்திருக்கிறது.

## விளைவுகள்

சட்டப் பாதுகாப்பு போனது. யூதர் தங்கள் முன்னோர் நெறிப்படி நடப்பதை ரோம் பொதுவாகப் பொறுத்துக்கொண்டது. யூதராகாமல் நகரத் தெய்வங்களை விட்டவர்களுக்கு அந்த நிழல் இல்லை. 112 வாக்கில் பித்தினியா-பொந்து மாகாண ஆளுநர் பிளினி, இவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்கே எழுதிக் கேட்டார். கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்ததாகவும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடுகிறார்.

எண்ணிக்கை புரண்டது. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். எருசலேம் சபை பழைய செல்வாக்கை இழந்தது. யூதரல்லாதவர்கள் பெரும்பான்மை ஆனார்கள். கேள்வியும் புரண்டது. 160 வாக்கில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர், டிரைஃபோ என்ற யூதரோடு நடந்த உரையாடலாக ஒரு நூல் எழுதினார். இயேசுவை நம்பிக்கொண்டே மோசேயின் சட்டத்தையும் கடைப்பிடிப்பவன் மீட்படைவானா என்று டிரைஃபோ கேட்கிறார். பிறரைக் கட்டாயப்படுத்தாதவரை மீட்படைவான் என்பதே என் கருத்து என்கிறார் யுஸ்தீன். ஆனால் அப்படிப்பட்டவர்களோடு பேசவும் உபசரிக்கவும் மறுக்கும் கிறிஸ்தவர்கள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறார். அந்தியோகியாவில் பேதுரு பந்தியை விட்டு எழுந்து சுமார் நூறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இப்போது விலக்கப்படுகிறவர்கள் யூதக் கிறிஸ்தவர்கள்.

நன்றி பகையானது. பவுல் இதை முன்பே பயந்தார். ரோமர் 11இல், யூதரல்லாத விசுவாசிகளைத் தோட்டத்து ஒலிவ மரத்தில் ஒட்டவைத்த காட்டு ஒலிவக் கிளை என்கிறார். வேரை நீ சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது, பெருமை பேசாதே என்று எச்சரிக்கிறார். எச்சரிக்கை காற்றில் போனது. 386, 387ஆம் ஆண்டுகளில், பேதுருவும் பவுலும் மோதிக்கொண்ட அதே அந்தியோகியாவில், யோவான் கிறிசோஸ்தோம் யூதர்களுக்கு எதிராகக் கடுமையான தொடர் பிரசங்கங்கள் செய்தார். ஜெபாலயத் திருநாட்களுக்குப் போய்வந்த தம் சபையாரைத் தடுப்பது அவருடைய நோக்கம். அதற்கு அவர் பயன்படுத்திய வசைகளைப் பிற்காலத்தவர் யூத வெறுப்புக்குத் தீனியாக எடுத்துக்கொண்டார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் நோஸ்த்ரா ஏத்தாத்தே அறிக்கையில், யூதர்களைக் கடவுளால் கைவிடப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக்கூடாது என்று எழுதியது. அதற்கு அது ஆதாரமாக எடுத்துக்கொண்டவற்றில் முக்கியமானது ரோமர் 11ஆம் அதிகாரம்.